ஸ்லைடு பேசாது... நீங்கதான் பேசணும்!

"நாளன்னைக்கு செமினார்டா மச்சி... எனக்கு ஏழரை ஆரம்பிச்சாச்சு!"

எந்தக் கல்லூரி கேன்டீனில் உட்கார்ந்தாலும் இந்தப் புலம்பல் காதில் விழும். திருநள்ளாற்றுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்படிப் புலம்ப கொஞ்சம் கூடுதல் உரிமையே உண்டு. நளனுக்குச் சனி விட்டது இந்த ஊரில்தான் என்கிறது தலபுராணம். நளதீர்த்தத்தில் முங்கி எழ எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வருகிறார்கள். ஆனால் நண்பர்களே, மேடை பயத்தை மட்டும் குளத்தில் விட்டுவிட்டு வர முடியாது. அதை ஒத்திகையில்தான் விட வேண்டும்.

போன வாரம் பயோ-டேட்டா எழுதுவது பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் ப்ரசன்டேஷன். செமினார், ப்ராஜெக்ட் ரிவ்யூ, கேம்பஸ் இன்டர்வியூ, வேலைக்குச் சேர்ந்த பிறகு மேனேஜர் முன்னால், கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில், பேங்க் லோன் கேட்கும்போது என்று வாழ்க்கை முழுக்க விடாமல் கூடவே வருகிற சமாச்சாரம் இது. நல்ல வேலை செய்தவர் பின்னால் நிற்க, நல்லாச் சொன்னவர் முன்னால் போவதை எல்லோரும் பார்த்திருப்போம். "அநியாயம்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். இல்லை, நல்ல வேலையையும் செய்து அதை நல்லாவும் சொல்லக் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவது வழியைப் பார்ப்போமா?

முதல்ல லேப்டாப்பை மூடுங்க!

ப்ரசன்டேஷன் என்றதும் நாம் செய்கிற முதல் வேலை பவர்பாயிண்ட்டைத் திறப்பது. அடுத்த ஒரு மணி நேரம் எந்த டிசைன், எந்தக் கலர், எழுத்து பறந்து வரணுமா, சுழன்று வரணுமா என்பதிலேயே போய்விடும். கடைசியில் பார்த்தால் அலங்காரம் ரெடி, மாப்பிள்ளையைத்தான் காணோம்!

லேப்டாப்பை மூடிவிட்டு ஒரு வெள்ளைத் தாள் எடுங்க. மூன்று கேள்விக்கு ஒவ்வொரு வரியில் பதில் எழுதுங்க.

கேட்கப் போறது யாரு?

அவங்களுக்கு என்ன தெரியணும்?

கேட்டு முடிச்சதும் அவங்க என்ன செய்யணும்?

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறோம். "எதுவும் செய்ய வேண்டாம், சும்மா தெரிஞ்சுக்கிட்டா போதும்" என்று தோன்றினால் இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம். ரிவ்யூவில் கைடு அடுத்த கட்டத்துக்கு ஒப்புதல் தரணும். இன்டர்வியூவில் "இந்தப் பையனை எடுக்கலாம்" என்று முடிவு பண்ணணும். கிராமத்தில் ஒரு விவசாயியாவது "சரி, ஒரு மா நிலத்துல போட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லணும். எங்கே போய்ச் சேரணும் என்று தெரிந்தால்தான் எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தெரியும்.

இதற்கு நம்ம ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2025 மார்ச் 29-ஆம் தேதி சனிப்பெயர்ச்சி என்று ஒரு பக்கம் பேச்சு கிளம்பியது. திருக்கணித பஞ்சாங்கப்படி அந்தத் தேதி. பக்தர்களுக்கோ ஒரே குழப்பம். அப்போது திருநள்ளாறு கோயில் தரப்பில் விளக்கம் வந்தது: இங்கே வாக்கிய பஞ்சாங்கம்தான் கடைப்பிடிக்கப்படுகிறது, அதன்படி 2026-இல்தான் பெயர்ச்சி. அவ்வளவுதான். இரண்டு பஞ்சாங்கங்களின் வரலாறு, வானியல் கணக்கு, கிரக நிலை பற்றியெல்லாம் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கலாம். ஆனால் குழந்தை குட்டியோடு டிக்கெட் போட்டு வைத்திருப்பவருக்கு ஒரே கேள்விதான்: "இப்ப கிளம்பணுமா, வேண்டாமா?" அதற்குப் பதில் முதலில். காரணம் ஒரு வரியில். மற்றதெல்லாம் கேட்டால் மட்டும்.

உங்க ப்ராஜெக்ட்டுக்கும் இப்படி இரண்டு வரி எழுத முடிகிறதா? முடிந்தால் பாதிக் கிணறு தாண்டிட்டீங்க. முடியவில்லையா? ஸ்லைடு போடுவதால் அது சரியாகாது.

மொத்தச் சுவடியும் வேண்டாம், ஓர் ஏடு போதும்!

திருநள்ளாற்றுக்கு இன்னொரு பெருமை உண்டு. மதுரையில் பாண்டியன் சபையில் நடந்த அனல்வாதத்தின்போது, திருஞானசம்பந்தர் தன் பதிகச் சுவடியில் கயிறு சாத்திப் பார்க்க, கைக்கு வந்தது திருநள்ளாற்றுப் பதிகம். அந்த ஏட்டை நெருப்பில் இட்டார்; அது வேகாமல் பச்சையாகவே இருந்தது என்று சொல்கிறது பெரியபுராணம். அதனால்தான் அதற்குப் 'பச்சைப் பதிகம்' என்று பேர்.

பக்தியோடு கேட்பவர்களுக்கு அது பக்திக் கதை. நம்ம விஷயத்துக்கு அதில் ஒரு பாடமும் இருக்கிறது. சுவடி நிறைய பதிகம் இருந்தாலும் சபையில் எடுத்து வைத்தது ஓர் ஏடு!

நாம் என்ன செய்கிறோம்? ஆறு மாசம் உழைத்தோம் என்பதற்காக ஆறு மாசத்தையும் பத்து நிமிஷத்தில் கொட்டுகிறோம். படித்த புத்தகம், எடுத்த ரீடிங், தோற்றுப்போன சோதனை, கடைசியில் கிடைத்த முடிவு எல்லாம் வரிசையாக. நாற்பது ஸ்லைடு. பன்னிரண்டாவது ஸ்லைடில் மணி அடிக்கும். முடிவு முப்பத்தெட்டாவது ஸ்லைடில் பத்திரமாக இருக்கும்!

வழி இதுதான். உங்களிடம் இருக்கிற எல்லா விஷயத்தையும் சின்னச் சின்னத் துண்டுத்தாளில் எழுதித் தரையில் பரப்புங்க. ஒவ்வொன்றையும் எடுத்து, "இது இல்லேன்னா நான் சொல்ற முடிவு நிக்குமா?" என்று கேளுங்க. நின்றால், அந்தத் தாள் வேண்டாம். அதைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் தனியாக வையுங்க. யாராவது கேள்வி கேட்டால் அதை எடுத்துக் காட்டலாம். அப்போது கிடைக்கிற மரியாதையே தனி!

கல்பனா சாவ்லாவும் ஒரு ஸ்லைடும்

"ஒரு ஸ்லைடுல என்ன சார் வந்துடப் போகுது?" என்று கேட்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

2003 ஜனவரி 16. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு கொலம்பியா விண்கலம் கிளம்பியது. சுமார் 82-ஆவது விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த ஒரு நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், கீழே பொறியாளர்கள் ஆபத்து உண்டா என்று கணக்குப் போட்டு, நாசா அதிகாரிகளுக்கு பவர்பாயிண்ட்டில் விளக்கினார்கள்.

அதில் ஒரு ஸ்லைடு பிற்பாடு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. தலைப்பைப் படித்தால் 'பயப்பட ஒன்றுமில்லை' என்ற தொனி. அதன் கீழே புள்ளி, புள்ளிக்குள் புள்ளி, அதற்குள் இன்னொரு புள்ளி என்று படிப்படியாக எழுத்து சின்னதாகிக்கொண்டே போனது. மிக முக்கியமான விஷயம் கடைசியில், அடியில் கிடந்தது. அதாவது, அவர்கள் ஒப்பிட்ட பழைய சோதனைகளில் பயன்பட்ட துண்டின் அளவு 3 கன அங்குலம். மோதிய துண்டோ 1,920 கன அங்குலம் என்று கணக்கிடப்பட்டது. 640 மடங்கு! 'இந்தச் சோதனையை வைத்து எதுவும் சொல்ல முடியாது' என்பதுதான் உண்மையான செய்தி. அது தலைப்பில் இருந்திருக்க வேண்டும். ஆனால் 'குறிப்பிடத்தக்க' என்று பொருள்படும் மழுப்பலான வார்த்தை அந்த ஒரே ஸ்லைடில் ஐந்து முறை வந்தது. எவ்வளவு குறிப்பிடத்தக்க என்று எங்கும் இல்லை.

கலத்தின் இறக்கையை விண்ணில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் வைத்த கோரிக்கையும் நிறைவேறவில்லை. பிப்ரவரி 1-ஆம் தேதி, பூமிக்குத் திரும்பும் வழியில் கொலம்பியா சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள்.

அந்த ஸ்லைடு விண்கலத்தை உடைக்கவில்லை. உடைத்தது நுரைத் துண்டு. ஆனால் முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு ஆபத்தின் அளவு உறைக்கவில்லை. எட்வர்ட் டஃப்டி என்ற யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் அந்த ஸ்லைடைப் பிரித்து மேய்ந்தார். 2003 ஆகஸ்ட்டில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கையும், தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதிலாக பவர்பாயிண்ட்டையே நம்பும் பழக்கத்தைக் கண்டித்தது.

இதிலிருந்து நமக்கு மூன்று விதிகள்.

ஒன்று: ஸ்லைடின் தலைப்பு ஒரு முழு வாக்கியமாக இருக்கட்டும். 'ரிசல்ட்ஸ்' என்று போடுவதால் யாருக்கும் எதுவும் தெரியாது. 'சொட்டுநீர்ப் பாசனத்தில் தண்ணீர் மிச்சமானது, ஆனால் செலவு கூடியது' என்று போடுங்க. தலைப்பை மட்டும் படித்துக்கொண்டே போனால் முழுக் கதையும் புரியணும்.

இரண்டு: கெட்ட செய்தியைக் கீழே ஒளிக்காதீங்க. உங்க சோதனை பத்துச் செடியில்தான் நடந்தது என்றால், அதைப் பெரிய எழுத்தில் நீங்களே சொல்லுங்க. அவர்கள் கண்டுபிடித்துச் சொன்னால் மானம் போகும். நீங்க சொன்னால் நம்பிக்கை வரும்.

மூன்று: 'ரொம்ப', 'கணிசமாக', 'ஓரளவு' என்ற வார்த்தை வரும் இடத்திலெல்லாம் ஒரு எண் வர முடியுமா என்று பாருங்க.

எண்ணைப் பேச வைப்பது எப்படி?

எண்ணைப் போட்டால் மட்டும் போதுமா? போதாது. அது கேட்பவர் மனசுக்குள் இறங்கணும். காரைக்கால் கடைமடைத் தண்ணீரையே உதாரணமாக எடுத்துக்கலாம்.

காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி தீர்ப்பளித்தது. மொத்தம் 740 டி.எம்.சி. அதில் தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளாவுக்கு 30, புதுச்சேரிக்கு 7. அந்த 7 டி.எம்.சி. காரைக்காலுக்கானது. ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி.

இதை அப்படியே ஒரு அட்டவணையாகத் திரையில் போட்டால் பின் பெஞ்சு தூங்கிவிடும். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்க: "மொத்தத் தண்ணியையும் நூறு ரூபாயா வெச்சுக்குங்க. காரைக்காலுக்கு வர்றது சுமார் 95 காசு!" அரங்கமே நிமிர்ந்து உட்காரும். ஒரே வாக்கியம். அட்டவணை தேவையே இல்லை.

ஆனால் இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. காரைக்கால் மாவட்டத்தின் பரப்பே சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். அதையும் சேர்த்துச் சொல்லாமல் காசுக் கணக்கை மட்டும் சொன்னால் கைதட்டு கிடைக்கும். உண்மையில் பாதி விட்டுப்போகும். கூட்டத்தில் விவரம் தெரிந்த ஒருவர் எழுந்து, "நிலம் எவ்வளவு தம்பி?" என்று கேட்டால் அத்தனை கைதட்டும் ஆவியாகிவிடும். உவமை கண்ணைத் திறக்கத்தான், கட்டுவதற்கு இல்லை. எனவே இரண்டு எண்ணையும் சொல்லிவிட்டு, உங்க உண்மையான கேள்விக்கு வாங்க: "எவ்வளவு தண்ணிங்கிறது ஒரு பக்கம். அது கடைமடைக்கு எந்த வாரம் வந்து சேருதுங்கிறதுதான் நான் ஆராய்ஞ்ச விஷயம்." இப்போது கேட்பவர் உங்க கையில்.

ஆள் பார்த்துப் பேசு!

இதே தண்ணீர் விஷயத்தை மூன்று இடத்தில் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

கல்லூரி அரங்கில் பேராசிரியர்கள் முன்னால் பேசினால், எப்படி அளந்தீர்கள், எத்தனை இடத்தில் அளந்தீர்கள் என்பது முக்கியம். கேம்பஸுக்கு வந்த கம்பெனிக்காரர்களிடம் பேசினால், அவர்களுக்கு வாய்க்கால் முக்கியமில்லை. ஒரு பிரச்சனையை நீங்க எப்படிப் பிரித்துப் பார்த்தீர்கள், டீமில் உங்க பங்கு என்ன என்பதுதான். விவசாயிகள் முன்னால் பேசினால், "அதனால நான் எப்ப நாத்து விடட்டும்?" என்பது ஒன்றுதான் கேள்வி. விஷயம் ஒன்றே, ப்ரசன்டேஷன் மூன்று.

இந்த மூன்றாவது வகையை நம்ம பகுதி வேளாண் மாணவர்கள் நன்றாக அறிவார்கள். திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் செருமாவிலங்கையில் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. நாடு முழுக்க வேளாண் படிப்பில் இறுதியாண்டில் 'ராவே' என்கிற கிராமப்புறப் பணி அனுபவம் உண்டு. ஊரில் தங்கி, விவசாயிகளோடு பழகி, செயல்விளக்கம் செய்து காட்ட வேண்டும். அங்கே புரொஜக்டர் கிடையாது, ஏ.சி. கிடையாது. கோலப்பொடியும் கலர்ப்பொடியும் வைத்துத் தரையில் ஊர் வரைபடம் போடுவார்கள். ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் 1990-களில் உலகெங்கும் பரப்பிய பங்கேற்பு முறை இது.

இதில் அழகு என்ன தெரியுமா? மாணவர் கோடு போடும்போதே, "வாய்க்கா இந்தப் பக்கம் போகலை தம்பி, அய்யனார் கோயிலைச் சுத்திப் போகுது" என்று ஒரு பெரியவர் குச்சியை வாங்கித் திருத்துவார். பக்கத்திலிருக்கிற அக்கா, "பம்புசெட்டை விட்டுட்டியே" என்பார். கேட்க வந்தவர்களே ப்ரசன்டேஷனுக்குள் வந்துவிட்டார்கள்! அதற்குப் பிறகு நீங்க சொல்வது அவர்கள் ஊர் விஷயம், அதனால் கேட்பார்கள். எந்த ஸ்லைடும் தராத பலன் அது. ஏ.சி. அரங்கிலும் இதைச் செய்யலாம். ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி கேளுங்க. அவர்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க அரை நிமிஷம் விடுங்க.

கேட்பவரின் இடத்திலிருந்து ஆரம்பிப்பதற்குக் கும்பகோணத்துக்காரர் ஒருவர் காட்டிய வழியும் உண்டு. 1913 ஜனவரியில், சென்னை துறைமுகக் கழகத்தில் வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளத்தில் கிளார்க்காக இருந்த ராமானுஜன், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தான் யார் என்பதைச் சில வரிகளில் முடித்துக்கொண்டார். அடுத்து எங்கே போனார் தெரியுமா? ஹார்டி எழுதிய ஒரு சிறு நூலின் 36-ஆம் பக்கத்துக்கு! அங்கே பகா எண்களைப் பற்றி நீங்கள் இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள், நான் அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறேன் என்று ஆரம்பித்து, பிறகு தன் தேற்றங்களை வரிசையாக வைத்தார். அதற்கு முன் அவர் அணுகிய இரண்டு பேராசிரியர்களிடமிருந்து பலன் இல்லை. ஹார்டி நிமிர்ந்தார்.

அந்தப் பகா எண் முடிவு ராமானுஜன் நம்பிய அளவுக்குத் துல்லியமானது இல்லை என்பது பின்னால் தெரிந்தது. ஆனாலும் கடிதத்தில் இருந்த மற்ற தேற்றங்கள் ஹார்டியை அசர வைத்தன. சரக்கு இருந்தது, அதனால் கதவு திறந்தது. சரக்கை எந்தக் கதவில், எந்த இடத்தில் தட்டினார் என்பதும் முக்கியம்தானே?

சத்தம் போட்டு ஒத்திகை!

மனசுக்குள் படித்துப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. எழுந்து நின்று, வாய்விட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு பேசணும். குறைந்தது மூன்று தடவை.

முதல் தடவை தனியாக. எங்கே நாக்கு புரளுகிறது என்று தெரியும். அந்த வாக்கியத்தை மாற்றுங்க, இரண்டாக உடையுங்க.

இரண்டாவது தடவை உங்க பாடம் தெரியாத ஒருத்தர் முன்னால். அம்மாவோ, பத்தாவது படிக்கிற தம்பியோ போதும். முடித்ததும், "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காதீங்க. "நான் என்ன சொன்னேன்?" என்று கேளுங்க. அவர்கள் திருப்பிச் சொல்வதுதான் நிஜமாகவே போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது தடவை நண்பர்கள் முன்னால், குறுக்குக் கேள்வியோடு. இரக்கமே இல்லாமல் கேட்கச் சொல்லுங்க.

பத்து நிமிஷம் கொடுத்திருந்தால் எட்டு நிமிஷத்துக்குத் தயாராகுங்க. மேடையில் எப்படியும் நேரம் இழுக்கும். முதல் ஒரு நிமிஷத்தையும் கடைசி ஒரு நிமிஷத்தையும் மட்டும் நல்லா மனசில் ஏற்றிக்கொள்ளுங்க. நடுவில் இருப்பதை மனப்பாடம் செய்தால் ஒரு வார்த்தை மறந்தாலும் மொத்தமும் போச்சு.

"சார், எனக்கு இங்கிலீஷ்..."

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்களின் பெரிய பயம் இதுதான். ஒன்று புரிஞ்சுக்குங்க. கேட்பவர் உங்க உச்சரிப்புக்கு மார்க் போட வரவில்லை. அவருக்கு விஷயம் புரிய வேண்டும். அதற்குச் சின்ன வாக்கியம் போதும். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். கடினமான வார்த்தையைத் தேடிப் போகாதீங்க. உங்க துறையின் கலைச்சொற்கள் முப்பதை எடுத்து, அவற்றின் உச்சரிப்பை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்க. நிதானமாகப் பேசினால் பாதித் தடுமாற்றம் தானாகக் குறையும். வார்த்தை வரவில்லையா? ஒரு விநாடி நிறுத்துங்க. அந்த மௌனம் உங்களுக்குத்தான் ஒரு யுகம். கேட்பவருக்கு அது மூச்சு விடும் நேரம்.

தமிழில் பேச வாய்ப்பு இருக்கும் இடத்தில் தயங்காமல் தமிழில் பேசுங்க. விவசாயி முன்னால் இங்கிலீஷ் கலந்து ஸீன் போடுவதைப் போல அபத்தம் வேறு இல்லை.

மேடை ஏறும் முன் ஒரு செக் லிஸ்ட்

* ஃபைலை பென் டிரைவில் ஒரு காப்பி, மெயிலில் ஒரு காப்பி. பி.டி.எஃப்.ஆகவும் ஒன்று. தமிழ் ஃபான்ட் வேறு கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரிகிற கொடுமைக்கு இதுதான் மருந்து.

* கரன்ட் போனால்? புரொஜக்டர் வேலை செய்யாவிட்டால்? ஒரே ஒரு தாளில் உங்க மொத்தப் பேச்சின் சுருக்கம் கையில் இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டு பேசி முடித்துவிட்டால் நீங்கதான் அன்றைக்கு ஹீரோ.

* அரை மணி முன்னால் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து உங்க ஸ்லைடைப் பாருங்க. எழுத்து தெரியவில்லையா? அது ஸ்லைடே இல்லை.

* திரையைப் பார்த்து வாசிக்காதீங்க. அவர்களுக்கும் படிக்கத் தெரியும். முகத்தைப் பார்த்துப் பேசுங்க.

* ஸ்லைடு ஓடும்போது கீபோர்டில் 'பி' எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகிவிடும். மறுபடி அழுத்தினால் திரும்ப வரும். முக்கியமான விஷயத்தைச் சொல்லும்போது இதைச் செய்து பாருங்க. எல்லாக் கண்ணும் உங்க மேலதான்!

* கை நடுங்கினால் தாளைப் பிடிக்காதீங்க. தாள் இன்னும் ஆடும். பேச்சு மேடையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்க. நடுக்கம் பெரும்பாலும் முதல் நிமிஷத்தோடு அடங்கிவிடும். அதற்குத்தான் முதல் நிமிஷத்தை மனப்பாடம் செய்யச் சொன்னது.

கேள்வி வந்தால் கொண்டாட்டம்!

கேள்வி கேட்டால் எதிரி என்று நினைக்கிறோம். கேட்காமல் கொட்டாவி விட்டவர்தான் நம்மைக் கைவிட்டவர். கேள்வியை முழுசாகக் கேளுங்க. எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க. அதற்குள் யோசிக்கவும் நேரம் கிடைத்துவிடும். பதில் தெரிந்தால் சுருக்கமாகச் சொல்லுங்க. தெரியாவிட்டால், "இதை நான் பார்க்கலை சார். பார்த்துட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை நிஜமாகவே போய்ச் சொல்லுங்க. மழுப்பலான பதிலால் யார் யாருக்கு என்னவெல்லாம் ஆகும் என்பதைக் கொலம்பியா கதையில் பார்த்தோமே!

கடைசி ஸ்லைடில் பூச்செண்டு படம் போட்டு 'தேங்க் யூ' எழுதுவது நம்ம தேசிய வழக்கம். நன்றியை வாயால் சொல்லுங்க, அது இன்னும் மரியாதை. கேள்வி நேரம் முழுக்கத் திரையில் நிற்கப் போவது அந்தக் கடைசி ஸ்லைடுதான். அவ்வளவு விலை உயர்ந்த இடத்தைப் பூச்செண்டுக்கா கொடுப்பது? வெள்ளைத் தாளில் மூன்றாவது கேள்விக்கு எழுதினீர்களே ஒரு பதில், 'அவங்க என்ன செய்யணும்' என்று, அந்த ஒரு வரியை அங்கே போடுங்க.

பவர்பாயிண்ட் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1987-இல். அதற்கு முன்னாலும் மனிதர்கள் சபையில் எழுந்து நின்று, தங்கள் பக்கத்தை எடுத்துச் சொல்லி, ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கருவி மாறும், விஷயம், அதைக் கேட்பவர் மேல் அக்கறை, கொஞ்சம் ஒத்திகை, இந்த மூன்றும் மாறாது.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்க. உங்க ப்ராஜெக்ட்டை இரண்டே வரியில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் சொல்லிக் காட்டுங்க. "ஓ... அதுவா நீ பண்ற?" என்று அவர் முகம் மலர்ந்தால் நீங்க ரெடி. "என்னமோ போ" என்றால், மறுபடி எழுதுங்க.

அடுத்த வாரம்: குரூப் டிஸ்கஷனில் கத்தாமல் கவனம் ஈர்ப்பது எப்படி?